காட்டு வான்கோழியும் சிறுகுழல் துப்பாக்கியும்



ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு நாள் படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்த மாணவன் ஒருவன் என்னிடம் வந்தான். "சார், இந்தப் பறவைக்கு ஆங்கிலத்தில் 'டர்க்கி' என்று போட்டிருக்கிறது. அது துருக்கி நாட்டின் பெயர் அல்லவா? மலாய் ஆசிரியரோ 'ஆயாம் பெலாண்டா' என்கிறார். அப்படியென்றால் டச்சுக்காரன் கோழி. நாம் வான்கோழி என்கிறோம். உண்மையில் இது யார் வீட்டுக் கோழி?" என்று கேட்டான்.

கேள்வி நல்ல கேள்விதான். பதில் சொல்லப் போனால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. ஆங்கிலேயர் இதைத் துருக்கி நாட்டு வணிகர் கொண்டுவந்த பறவை என்று நினைத்துக்கொண்டு அந்தப் பெயரை வைத்தார்கள். துருக்கியரைக் கேட்டால் அவர்கள் 'ஹிந்தி' என்பார்கள், இந்தியாவிலிருந்து வந்ததாம். பிரெஞ்சுக்காரர் வைத்த பெயருக்கும் இந்தியக் கோழி என்றே பொருள். போர்ச்சுகீசியர் 'பெரு' என்றார்கள். மலாய்க்காரர் டச்சுக்காரன் தலையில் கட்டினார்கள் அல்லவா? அந்த டச்சுக்காரன் இதற்கு வைத்த பெயர் 'கால்கூன்'. கள்ளிக்கோட்டைக் கோழி என்பதுதான் அதன் மூலம். ஆக, ஒவ்வொருவரும் இது பக்கத்து வீட்டுக்காரனுடையது என்று கையைக் காட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள்.

உண்மையான வீடு அமெரிக்கா. மெக்சிகோ நாட்டுப் பழங்குடி மக்கள் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பிடித்து வீட்டில் வளர்த்தார்கள். 1500க்குப் பிறகு அங்கே போன ஸ்பானியர்கள் அந்த வீட்டுப் பறவையைக் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தார்கள். 1612இல் மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கு, அவருடைய அதிகாரி முகர்ரப்கான் கோவாவிலிருந்து வாங்கி வந்த விசித்திரப் பொருள்களில் இப்பறவையும் ஒன்று. அரசர் வியந்துபோய்த் தம் நினைவுக் குறிப்பில் இதைப் பற்றி எழுதினார். ஓவியர் மன்சூரை அழைத்துப் படமும் எழுதச் சொன்னார். பேரரசரே பார்த்தறியாத பறவை என்றால், ஔவையாரின் மூதுரையில் வருகிற வான்கோழி எது? மூதுரை 1500க்கு முற்பட்ட நூல் என்று கொண்டால் அந்தப் பறவை வேறொன்றாகத்தான் இருக்க வேண்டும். பழைய பெயர் புதிய பறவைக்கு ஒட்டிக்கொண்டது. இதை நான் வகுப்பில் சொன்னபோது பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரவில்லை.

வீட்டு வான்கோழியைப் பற்றி இவ்வளவு போதும். இன்று நான் பேச வந்தது காட்டு வான்கோழியைப் பற்றி. வட அமெரிக்கக் காடுகளில் வாழும் அது கொழுத்து உருண்ட வீட்டுப் பறவையைப் போன்றதன்று. சேவல் 7 முதல் 11 கிலோ வரை இருக்கும். பெட்டை ஏறத்தாழ 4 கிலோ. இரவில் உயர்ந்த மரக்கிளையில் அடையும். பகலில் தரையில் நடந்து கொட்டைகளையும் பூச்சிகளையும் பொறுக்கித் தின்னும். ஆபத்து என்று தெரிந்தால் முதலில் ஓடும், பிறகு பறக்கும். அதன் பார்வை மிகக் கூர்மையானது. சேவலின் தலையில் இறகில்லை. அது சினம் கொண்டால் அல்லது பெட்டையைக் கண்டால் அந்தத் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் மாறும். மார்பிலிருந்து குதிரைவால் முடிபோல ஒரு கற்றை தொங்கும். அதற்குத் 'தாடி' என்று பெயர்.

வெள்ளைக்காரர்கள் குடியேறுவதற்கு முன் ஒரு கோடி காட்டு வான்கோழிகள் இருந்திருக்கலாம் என்பது பலரும் சொல்லும் மதிப்பீடு. பழங்குடி மக்கள் அதன் இறைச்சியை உண்டார்கள். இறகைக் கயிற்றில் சுற்றிப் போர்வை நெய்தார்கள். சிறகு எலும்பைக் குழலாக்கி, அதை உறிஞ்சிப் பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலை அழைத்தார்கள். அந்தக் குழலை மறந்துவிடாதீர்கள். பின்னால் மறுபடியும் வரும்.

பறவை ஓவியர் ஜான் ஜேம்ஸ் ஆடுபன் 1800களின் தொடக்கத்தில் கென்டக்கி மாநிலத்தில் வாழ்ந்தவர். அமெரிக்கப் பறவைகளைப் பற்றிய அவருடைய பெரும் படத் தொகுப்பின் முதல் படமே காட்டு வான்கோழிச் சேவல்தான். 25, 30 பவுண்டு எடையுள்ள முதல் தரமான பறவை கால் டாலருக்கு விற்றால் அதுவே நல்ல விலை என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு மலிவு! அவர் விவரித்த ஒரு பொறி என் மனத்தைவிட்டு அகலவில்லை. காட்டில் மரக்கட்டைகளை அடுக்கி ஓர் அடைப்புக் கட்டுவார்கள். மேலேயும் கட்டைகளைப் பரப்பி மூடிவிடுவார்கள். ஒரு பக்கத்தில் சுவருக்கு அடியில் பறவை நுழையும் அளவுக்கு வாய்க்கால் வெட்டுவார்கள். அதன் வழியாகச் சோளத்தைத் தூவிக்கொண்டே போவார்கள். வான்கோழிகள் தலையைக் குனிந்து சோளத்தைப் பொறுக்கியபடி வாய்க்காலுக்குள் இறங்கி உள்ளே ஏறிவிடும். தின்று முடித்ததும் தலையை நிமிர்த்தும். வெளிச்சம் மேலே கட்டை இடுக்கில் தெரிகிறது. அதை நோக்கியே முட்டி மோதும். வந்த வழி காலடியில் திறந்தே கிடக்கிறது. ஆனால் ஒன்றுகூடக் குனிந்து பார்க்காது. காலையில் ஆள் வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போவான்.

அடைந்திருக்கும் மரத்தடியில் நின்று இரவில் சுடுவதும் உண்டு. ஆண்டின் எந்த மாதமும் வேட்டை மாதம்; பெட்டை, குஞ்சு என்ற கணக்குக் கிடையாது. நகரங்கள் வளர்ந்தன. சந்தைக்கு வண்டி வண்டியாக இறைச்சி போயிற்று. மறுபக்கம் காடுகளை வெட்டி விளைநிலம் ஆக்கினார்கள். 1813க்குப் பிறகு கனெக்டிகட் மாநிலத்தில் காட்டு வான்கோழி இல்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கடைசிப் பறவை 1851இல் போயிற்று. ஓவியர் ஆடுபன் இறந்ததும் அதே ஆண்டுதான். 1904இல் நியூயார்க் நகரில் கஷ்கொட்டை மரங்களை ஒரு பூசண நோய் பிடித்தது. சில பத்தாண்டுகளில் கிழக்குக் காடுகளின் அந்தப் பெருமரம் அநேகமாக அழிந்து, பறவையின் முக்கிய உணவொன்றும் அதோடு போயிற்று. முன்பு 39 மாநிலங்களில் வாழ்ந்த பறவை 1920இல் 18 மாநிலங்களில் முற்றிலும் மறைந்துவிட்டது. 1930களில் மிஞ்சியவை குறைந்த கணக்குப்படி 30,000. கூடிய கணக்குப்படி 2 லட்சம். எதை எடுத்துக்கொண்டாலும், ஒரு கோடிக்கு முன் அது ஒன்றுமில்லை.

அதன் பிறகு நடந்ததுதான் நான் இந்தப் பேச்சுக்குத் தேர்ந்தெடுத்த வரலாறு.

முதலில் சட்டம் வந்தது. களவாக வேட்டையாடிய பறவை விலங்குகளை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்பதை 1900இல் வந்த லேசி சட்டம் தடுத்தது. ஆனால் சட்டம் மட்டும் இருந்து என்ன பயன்? காவலுக்கு ஆள் வேண்டும்; ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அதற்குப் பணம் 1937இல் பிறந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தால் வந்தது. நீண்ட குழல் துப்பாக்கிகளுக்கும் தோட்டாக்களுக்கும் 11 விழுக்காடு வரி. அந்த வரிப் பணம் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கே போக வேண்டும். அதைப் பெற விரும்பும் மாநிலம், வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவுக்குத் திருப்பக்கூடாது. மாநிலம் ஒரு பங்கு போட்டால் மத்திய நிதியிலிருந்து மூன்று பங்கு வரும். இன்றுவரை இவ்வழியில் 1,000 கோடி டாலருக்கும் மேல் சேர்ந்திருக்கிறது. வேட்டைக்காரன் வாங்கும் ஒவ்வொரு தோட்டாவிலும் பறவைக்கு ஒரு பங்கு! கொல்லுகிறவனிடமே காப்பதற்கு வரி வாங்குவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

பணம் வந்த பிறகும் முதல் முயற்சி வீணாயிற்று. பண்ணையில் முட்டைகளைப் பொரிக்கவைத்துக் குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டார்கள். ஆண்டுக்கணக்காக, ஆயிரக்கணக்கில் விட்டார்கள். அவை நரிக்கும் ஆந்தைக்கும் இரையாயின. காரணம் என்ன? தாய் சொல்லிக்கொடுக்காத குஞ்சு. எந்த நிழலுக்கு ஒளிய வேண்டும், எந்தச் சத்தத்துக்கு அசையாமல் இருக்க வேண்டும் என்பதைப் பண்ணையில் யார் கற்றுக்கொடுப்பார்கள்?

காட்டிலேயே பிறந்து வளர்ந்த பறவைகளைப் பிடித்துப் பறவையில்லாத காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது பிறகுதான் புரிந்தது. ஆனால் அதைப் பிடிப்பது எளிதா? 1951இல் தென் கரோலினா மாநிலத்தில் நீர்ப்பறவைகளுக்காகச் செய்த பீரங்கி வலையை வான்கோழிக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பெரிய வலையை மடித்து மறைத்து வைப்பார்கள். சோளம் தூவுவார்கள். பறவைகள் கூடி வந்து தலைகுனிந்து தின்னும்போது சிறு பீரங்கிகள் வெடித்து வலையை அவற்றின் மேல் வீசிவிடும். பாருங்கள், அதே சோளம், அதே குனிந்த தலை. அன்று சந்தைக்குப் போனவை இன்று அட்டைப்பெட்டிக்குள் வேறொரு காட்டுக்குப் பயணமாயின.

மிஸ்ஸூரி மாநிலம் 1960இல் 14 மாவட்டங்களில் மூன்றே நாள் வேட்டைக்கு அனுமதி கொடுத்தது. விழுந்தவை 94 பறவைகள். அந்தச் சிறிய எண்ணைப் பெரிய வெற்றியாகக் கருதினார்கள். 1972, 73இல் நியூயார்க் மாநிலத்திலிருந்து 37 பறவைகள் மாசசூசெட்ஸ் காட்டில் விடப்பட்டன. 1851க்குப் பிறகு அங்கே கேட்காத குரல் 120 ஆண்டு கழித்துக் கேட்டது. 1973இல் தேசியக் காட்டு வான்கோழிக் கூட்டமைப்பு என்ற சங்கம் தோன்றியபோது நாடு முழுவதும் ஏறத்தாழ 13 லட்சம் பறவைகள் இருந்தன. 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் அது 70 லட்சத்தை எட்டியது. அலாஸ்கா தவிர மற்ற 49 மாநிலங்களிலும் வேட்டைப் பருவம் உண்டாயிற்று.

இளவேனில் வேட்டையின் விதிகளைக் கேட்டால் அதிலுள்ள கணக்குத் தெரியும். சேவலை மட்டுமே சுடலாம். ஒரு சேவல் பல பெட்டைகளோடு கூடும். ஆகவே சில சேவல்கள் குறைந்தாலும் முட்டை குறையாது. பெட்டை 10, 12 முட்டையிட்டு 28 நாள் அடைகாக்கும். அதைக் கலைக்கக்கூடாது என்பதற்காகச் சில மாநிலங்களில் நண்பகலோடு வேட்டை முடிந்துவிடும். வேட்டைக்காரன் பறவையைத் துரத்துவதில்லை. விடியுமுன் போய் மரத்தடியில் முதுகைச் சாய்த்து அசையாமல் உட்காருகிறான். பெட்டையின் குரலை எழுப்புகிறான். பழங்குடி மக்களின் சிறகு எலும்புக் குழல் இன்னும் வழக்கிலிருக்கிறது. அதோடு, மூடியை உரசினால் குரல் எழுப்பும் மரப்பெட்டியும் உண்டு. ஆர்கன்சாஸ் மாநிலத்துக் கிப்சன் என்பவர் 1897இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இயற்கையில் சேவல் கூப்பிடும், பெட்டை போகும். இங்கே சேவலைப் போகச் செய்ய வேண்டும். அதனால்தான் அது இத்தனை கடினம். வேட்டைக்குப் போகிறவர்கள் சிவப்பு, வெள்ளை, நீல நிறத்தில் கைக்குட்டைகூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். அவை சேவல் தலையின் நிறங்கள். புதருக்குள் மறைந்து பெட்டைபோல் கூவுகிற மனிதனை இன்னொரு வேட்டைக்காரன் பறவையென்று எண்ணிச் சுட்டுவிட்ட விபத்துகள் உண்டு.

இப்போது துப்பாக்கிக்கு வருகிறேன். இங்கே என் சொந்த நினைவு ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சிறுவனாயிருந்த தோட்டத்தில் காட்டுப்பன்றிகள் லயத்துக்குப் பின்னாலிருந்த மரவள்ளிக் கொல்லையை உழுதுபோட்டுவிட்டுப் போகும். உரிமம் வைத்திருந்த பெரியவர் ஒருவர் துப்பாக்கியோடு வருவார். அதைப் 'பன்னிரண்டு போர்' என்பார்கள். யுத்தம் என்ற பொருளில் வரும் போர் அன்று; குழலின் துவாரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். ஒருமுறை அவர் தூரத்திலிருந்து சுட்டுவிட்டார். பன்றி விழவில்லை, அலறிக்கொண்டு ஓடிற்று. மூன்றாம் நாள் பள்ளத்திலிருந்து நாற்றம் வந்தது. அந்தப் பெரியவர் அதன்பின் வெகுநாள் எங்கள் பக்கம் வரவில்லை. என் தகப்பனார் அவரைக் குறை சொல்லவில்லை. "தூரம் பார்க்கத் தெரியாதவன் கையில் எந்தத் துப்பாக்கியும் சின்னதுதான்" என்று மட்டும் சொன்னார்.

பன்னிரண்டு என்ற எண் எங்கிருந்து வந்தது? ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை அந்தக் குழலில் சரியாகப் பொருந்தும். 20 உருண்டைகளாக்கினால் உருண்டை சிறிது, குழலும் சிறிது. எண் கூடக் கூடத் துவாரம் குறையும். மாணவர்கள் இதில் எப்போதும் தடுமாறுவார்கள். 12 போர் குழலின் அகலம் 18.5 மில்லிமீட்டர். 20 போர் 15.6. எல்லாவற்றிலும் சிறியதாகப் பரவலாய் வழங்குவது 'ஃபோர் டென்'. இதற்கு உருண்டைக் கணக்கு இல்லை. குழலின் அகலம் 0.410 அங்குலம், அதாவது 10.4 மில்லிமீட்டர் என்பதே பெயர். 1800களின் இறுதியில் பிரிட்டனில் தோட்டக்காரர்கள் எலி, சிறு பறவைகளை விரட்ட வைத்திருந்த துப்பாக்கி இது. 1933இல் வின்செஸ்டர் நிறுவனம் 42ஆம் மாடலையும் அதற்கென 3 அங்குலத் தோட்டாவையும் கொண்டுவந்தது. தோளில் அதிகம் இடிக்காது, எடை குறைவு. சிறுவர்களும் முதியவர்களும் எளிதாகத் தூக்கலாம்.

ஆனால் வான்கோழிக்கு இது போதுமா? வான்கோழியின் உடம்பில் சுடக்கூடாது. கனத்த இறகும் மார்புத் தசையும் ரவையைத் தடுத்துவிடும். பறவை காயத்தோடு ஓடும். தலையும் கழுத்தும்தான் குறி. அந்தச் சிறிய இடத்தில் போதிய ரவைகள் விழ வேண்டும். வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் ஒரு பழைய அளவுகோல் உண்டு. 40 கெஜ தூரத்தில் 10 அங்குல வட்டத்துக்குள் 100 ரவைகள் விழவேண்டும். சிறுகுழல் தோட்டாவின் 3 அங்குலத்துக்குள் 6ஆம் எண் ஈய ரவை சுமார் 155 மட்டுமே அடங்கும். அவையும் சிதறிப் போகும். எங்கே நூறு விழுவது? ஆகவே இந்தத் துப்பாக்கியால் வான்கோழி சுட நினைத்தவன் 20, 25 கெஜத்துக்குள் பறவையை வரவழைக்க வேண்டியிருந்தது. பல மாநிலங்கள் 'ஃபோர் டென்'னை வான்கோழி வேட்டைக்குத் தடைசெய்தே வைத்திருந்தன. பழைய வேட்டைக்காரர்கள் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. கூப்பிடத் தெரிந்தவன் பக்கத்தில் வரவழைப்பான் என்பார்கள்.

கதையை மாற்றியது ஓர் உலோகம். மின்விளக்கு இழைக்குப் பயன்படும் டங்ஸ்டன்தான் அது. நம் பேராக் மாநிலத்தின் கிராமாட் பூலாய் பகுதியிலும் 1930களில் அதன் தாதுவைத் தோண்டினார்கள். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம் என்றால், டங்ஸ்டனிலிருந்து செய்யும் ரவை 18 கிராம். எடை மிகுதியாதலால் 2 மில்லிமீட்டர் அளவுள்ள 9ஆம் எண் ரவைகூடப் பெரிய ஈய ரவையைப் போல ஊடுருவும். சிறிய ரவை என்பதால் நிறைய அடங்கும். வீட்டிலேயே தோட்டா நிரப்பும் ஆர்வலர்கள் இதை முதலில் பழகினார்கள். 2018இல் ஃபெடரல் நிறுவனம் தொழிற்சாலையில் நிரப்பிய சிறுகுழல் தோட்டாவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் ஏறத்தாழ 23 கிராம் ரவை. எண்ணிக்கை 295க்குப் பக்கம். பழைய ஈயத் தோட்டாவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. எலி விரட்டிய துப்பாக்கி 40 கெஜத்தில் வான்கோழியை வீழ்த்துகிறது! சில மாநிலங்கள் தங்கள் தடையைத் திருத்தின. பத்து வயதுப் பிள்ளைக்கும் தோள் நோகும் பாட்டனுக்கும் இது வரமாயிற்று. தோட்டாவின் விலைதான் ஒன்று பல டாலர்.

இங்கேதான் வாதம் தொடங்குகிறது. அதே உலோகம் 12 போர் தோட்டாவுக்குள்ளும் புகுந்தது. அது 60 கெஜத்துக்கும் எட்டும் என்று சிலர் பெருமை பேசலானார்கள். பறவை பக்கத்தில் வரும்வரை மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்த பழக்கம் என்ன ஆவது? இதற்கிடையில் தென்கிழக்கு மாநிலங்களில் பறவைகள் மறுபடியும் குறையத் தொடங்கின. ஒரு பெட்டைக்கு மிஞ்சும் குஞ்சுகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு இறங்கிற்று. துப்பாக்கியை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. முட்டை தின்னும் விலங்குகள், மழை, கூடு கட்டத் தகுந்த புல்வெளி குறைந்தது என்று பல காரணங்களை ஆராய்ச்சியாளர்கள் பார்க்கிறார்கள். ஆனாலும் மாநிலங்கள் காத்திருக்கவில்லை. 2022இல் ஜார்ஜியா ஒருவருக்கு ஒரு பருவத்தில் மூன்று சேவல் என்றிருந்ததை இரண்டாக்கி, பருவத்தையும் தள்ளித் தொடங்கியது. அலபாமா ஐந்தை நான்காக்கியது. 70 லட்சம் இன்று 60 லட்சத்துக்கு அருகில் நிற்பதாகச் சொல்கிறார்கள். 1930களை மறக்காதவர்கள் இந்த இறக்கத்தைச் சும்மா விடமாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

மாணவனின் கேள்விக்கு வருவோம். இவ்வளவையும் இரண்டு பாட வேளைகளில் சொல்லி முடித்தேன். மாசசூசெட்ஸில் விட்ட 37 பறவைகள் இன்று 25,000க்கும் மேல் பெருகிவிட்டன என்றும், பாஸ்டன் நகரப் புறங்களில் அவை நடுத்தெருவில் நின்று மோட்டார் வண்டிகளை மறிக்கின்றன, தபால்காரர்களையும் துரத்துகின்றன என்றும் சொன்னேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. அந்தப் பையன் மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்றான். "அப்படியென்றால் சார், அது அந்தத் தெருக்காரர்களுடைய கோழிதான்" என்றான்.